தொப்பிப் பூனைக்கு எதுக்கு ஆபீஸ்?

போன எபிசோடு முழுக்க டேட்டா சென்டர், கரண்ட், தண்ணீர் என்று கொஞ்சம் கனமாகவே போயிடுச்சு. இந்த வாரம் ஒரு பூனையைப் பற்றிப் பேசுவோம். உயரமான பூனை. தலையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட நீளத் தொப்பி, கழுத்தில் சிவப்பு போ டை. உங்களில் பாதிப் பேருக்கு இப்பவே படம் கண்ணில் வந்திருக்கும்.

டாக்டர் சூஸ் எழுதி வரைந்த 'தி கேட் இன் தி ஹேட்'. 1957-ல் வந்த புத்தகம். இதை வார்னர் பிரதர்ஸ் முழுநீள அனிமேஷன் படமாக எடுத்திருக்கிறது. ரிலீஸ் 2026 நவம்பர் என்று தேதி வைத்திருக்கிறார்கள். பூனைக்குக் குரல் பில் ஹேடர். இயக்கம் இரண்டு பேர்: எரிகா ரிவினோஜா, அலெஸாண்ட்ரோ கார்லோனி. படத்துக்காக நான் ஆவலோடு காத்திருக்கேன். ஆனால் ஸ்டுடியோ வெளியிட்ட கதைச் சுருக்கத்தில் ஒரு வரி வந்ததிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிக்குது. அந்த முள்ளைப் பற்றித்தான் இந்த எபிசோடு.

அந்தச் சுருக்கம் சொல்வது இதுதான். பூனை ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறது. கற்பனைக்கும் உத்வேகத்துக்குமான நிறுவனம், பெயரைச் சுருக்கினால் நாலு 'ஐ', பின்னால் ஒரு எல்எல்சி. அங்கிருந்து பூனைக்கு ஒரு அசைன்மென்ட் வருகிறது. கேபி, செபாஸ்டியன் என்று அக்கா தம்பி மாதிரி இரண்டு பிள்ளைகள், புது ஊருக்கு வீடு மாறி வந்து மனசு சரியில்லாமல் இருக்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கணும். பூனைக்கு ஏற்கனவே எல்லை மீறும் கெட்ட பேர் உண்டு. இதுதான் கடைசி வாய்ப்பு, இதையும் சொதப்பினால் மந்திரத் தொப்பி பறிபோகும்.

ஐ.டி.-யில் இருப்பவர்களுக்கு இதைப் படித்ததும் புரிந்திருக்கும். பூனையை பிஐபி-யில் போட்டிருக்கிறார்கள்.

சிரிப்பு வருது, இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் இதில் ஏன் ஒரு பிரச்சினை இருக்கு என்று சொல்லணும்னா, முதலில் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும்.

1950-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய விவாதம். பிள்ளைகளுக்கு ஏன் வாசிக்க வரமாட்டேன் என்கிறது? 1954-ல் ஜான் ஹெர்ஸி, 'ஹிரோஷிமா' எழுதினாரே அவர்தான், 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிக்கூட முதல் வாசகங்கள் படு போர், அதில் வரும் பிள்ளைகள் எல்லாம் அழுக்கே படாத நல்ல பிள்ளைகள், எந்தக் குழந்தைதான் அதை ஆசையாக எடுத்துப் படிக்கும் என்று கேட்டார். அப்போது அங்கே 'டிக் அண்ட் ஜேன்' வரிசைதான் ராஜா. டிக் ஓடுவதைப் பார், ஜேன் ஓடுவதைப் பார், அந்த ரகம். டாக்டர் சூஸ் மாதிரி ஆட்களை வைத்து இந்தப் புத்தகங்களுக்குப் படம் வரையக் கூடாதா என்று ஹெர்ஸியே பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்.

ஹௌட்டன் மிஃப்ளின் பதிப்பகத்தின் கல்விப் பிரிவில் இருந்த வில்லியம் ஸ்பால்டிங் அதைப் பிடித்துக்கொண்டார். தியோடர் கைசலிடம், அதுதான் டாக்டர் சூஸின் உண்மைப் பெயர், ஒரு சொல் பட்டியலைக் கொடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் மட்டும். இதற்குள் எழுது, ஆனால் பிள்ளை கீழே வைக்க முடியாத மாதிரி எழுது.

கைசல் ஒரு வருஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டினார். பட்டியலில் எதுகை பொருந்துகிற முதல் இரண்டு சொற்களை எடுத்துத் தலைப்பாக வைத்துவிடுவேன் என்று முடிவு செய்து பார்த்தபோது 'கேட்', 'ஹேட்' கிடைத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கதை சொல்லிகள் தங்கள் கதையையும் கொஞ்சம் மெருகேற்றுவார்கள், அதனால் இதைச் சிட்டிகை உப்போடு எடுத்துக்கலாம். முடிவில் மொத்தப் புத்தகத்துக்கும் அவர் பயன்படுத்திய தனிச் சொற்கள் 236. அதில் 221 ஓரசைச் சொற்கள். மூன்று அசை உள்ள சொல் ஒன்றே ஒன்று, 'அனதர்'. நாம் எல்லாம் மெமரி போதல, சர்வர் போதலன்னு புலம்புறோம்.

கதை என்ன? வெளியே குளிர், மழை. அம்மா வீட்டில் இல்லை. ஒரு பையனும் அவன் தங்கச்சி சாலியும் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு சத்தம். பக்கத்தைத் திருப்பினால், பூனை உள்ளே வந்தாயிற்று. வீட்டு மீன் தொட்டியில் இருக்கும் மீன் 'அம்மா இல்லாத நேரத்தில் இது இங்கே இருக்கக் கூடாது' என்று கத்துகிறது. பூனை கேட்பதாக இல்லை. பந்து மேல் நின்று வித்தை காட்டுகிறேன் என்று எல்லாவற்றையும் கீழே போடுகிறது, மீன் போய் டீ பாத்திரத்துக்குள் விழுகிறது. அப்புறம் ஒரு சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து திங் ஒன், திங் டூ என்று இரண்டு வால்களை அவிழ்த்துவிடுகிறது. அவை வீட்டுக்குள் பட்டம் விடுகின்றன. அம்மாவின் புது கவுன்கூட பட்ட நூலில் மாட்டிப் பறக்கிறது. அம்மா வருவது தெரிகிறது. பையன் வலை போட்டு இரண்டையும் பிடிக்கிறான். பூனை முகம் வாடிப் போய்விடுகிறது. வீடு கிடக்கிற கிடையை இரண்டு பிள்ளைகளால் சரி செய்யவே முடியாது. அந்த நேரத்தில் பூனை ஒரு மெஷினோடு திரும்பி வருகிறது, எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைக்கிறது, தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அம்மா உள்ளே வந்து, இன்றைக்கு என்ன பண்ணினீங்க என்று கேட்கிறாள்.

பிள்ளைகள் சொன்னார்களா? புத்தகம் அதைச் சொல்லவில்லை. கேள்வியை நம்ம பக்கம் திருப்பிவிட்டு முடிந்துவிடுகிறது. உன் அம்மா உன்னிடம் கேட்டால் நீ என்ன செய்வாய்?

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, பூனை ஏன் வந்தது என்பதற்கு 61 பக்கத்தில் ஒரு காரணமும் கிடையாது. யாரும் அழைக்கவில்லை, யாரும் அனுப்பவில்லை. இரண்டாவது, கடைசிக் கேள்விக்குப் பதில் கிடையாது. தொடக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கு, முடிவிலும் ஒரு கதவு திறந்திருக்கு. அம்மாவின் முகத்தைக்கூட ஒரு பக்கத்திலும் காட்டவில்லை.

என் அக்கா பொண்ணுக்கு ஐந்து வயசு. வேளச்சேரிக்குப் போகும்போதெல்லாம் இந்தப் புத்தகத்தோடு மடியில் ஏறிடுவா. ஆங்கில வரியை வாசிச்சு, நடுவில் தமிழில் கதை சொல்றது எங்க வழக்கம். ஒரு தடவை கேட்டா: "அந்தப் பூனையை யாரு மாமா வரச் சொன்னாங்க?" "யாரும் சொல்லலடா. அதுவா வந்துச்சு." கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்ப நம்ம வீட்டுக்கும் வருமா?" இந்த எபிசோடில் நான் மூச்சைப் பிடிச்சு விளக்கப் பார்க்கிறதை அவ ஒரே கேள்வியில முடிச்சிட்டா. காரணம் இல்லாமல் வந்த பூனை எந்த வீட்டுக்கும் வரலாம். ஆபீஸ் அனுப்பிய பூனை, டிக்கெட் போட்ட வீட்டுக்குத்தான் வரும்.

கடைசிப் பக்கத்துக் கேள்வியையும் கேட்டேன். அக்கா அதே ரூமில் துணி மடிச்சுட்டு இருந்தா. பொண்ணு அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு, என் காதில் மட்டும் பதில் சொன்னா. அது எங்களுக்குள்ள இருக்கட்டும்.

சரி, ஸ்டுடியோவின் நாற்காலியிலும் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். நியாயமாகப் பேசணும் இல்லையா. இந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தால் பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும். தியேட்டருக்கு வருகிற படம் எண்பது, தொண்ணூறு நிமிஷமாவது இருக்கணும். மிச்சத்தை எங்கிருந்து கொண்டு வருவது? பத்து நிமிஷம் வரை, ஒரு பூனை வந்தது, கலாட்டா பண்ணியது என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இருபதாவது நிமிஷத்தில் மனசு கேட்க ஆரம்பிக்கும்: இது யாரு, இதுக்கு என்ன வேணும், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை? முழுநீளப் படத்துக்குத் திரைக்கதை எழுதுபவர்களின் முதல் கேள்வியே கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதுதான். ஆக, காரணம் தேவைப்படுவது பேராசையால் மட்டும் இல்லை. நீளமே காரணத்தைக் கேட்கிறது.

இன்னொரு சிக்கல் கடிகாரம். படப்புத்தகத்தில் கடிகாரம் குழந்தை கையில் இருக்கு. அந்தச் சத்தம் கேட்ட பக்கத்தில் நின்று, திருப்பலாமா வேண்டாமா என்று அது இழுத்தடிக்கலாம். பட்டம் பறக்கும் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, எதெது உடைஞ்சிருக்குன்னு எண்ணலாம். 'மறுபடியும்' என்று பின்னால் போகலாம். தியேட்டரில் கடிகாரம் எடிட்டர் கையில். நொடிக்கு 24 ஃப்ரேம், அது பாட்டுக்கு ஓடும். பக்கத்தைத் திருப்பும் முன் வரும் அந்தப் படபடப்பைத் திரையில் கொண்டு வர ஒரே வழி, கொஞ்சம் நேரம் எதுவும் நடக்காமல் விடுவது. குழந்தைப் படங்களில் அந்தத் தைரியம் அபூர்வம்.

இதே பூனையை வைத்து இதற்கு முன் இரண்டு முக்கியமான முயற்சிகள் நடந்திருக்கு.

1971-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் அரை மணி நேர அனிமேஷன் வந்தது. திரைக்கதை எழுதியது யார் தெரியுமா? கைசலேதான். அவரே என்ன செய்தார் என்றால், பூனைக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தார். பூனையின் ஏதோ ஒரு பொருள் தொலைந்துபோச்சு. பாசி படிந்த, மூன்று கைப்பிடி வைத்த, பரம்பரைச் சொத்தான ஒரு வஸ்து. அது என்ன என்று யாருக்கும் தெரியாது, பெயரே அர்த்தமில்லாத பெயர். அதைத் தேடுகிறேன் என்று வீட்டைத் தலைகீழாக்குகிறது. காரணம் இருக்கு, ஆனால் அந்தக் காரணமே உளறல். எழுதியவருக்குத் தெரிந்திருக்கு, காரணம் கேட்கிற ஊடகத்துக்கு எப்படி டிமிக்கி கொடுப்பது என்று.

அவர் திரைக்குப் புதியவரும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் படப்பிரிவில் வேலை பார்த்து, சிப்பாய்களுக்கான 'பிரைவேட் ஸ்னாஃபு' கார்ட்டூன்களுக்கு எழுதியிருக்கிறார். அங்கே கூட்டாளியாக இருந்த சக் ஜோன்ஸ்தான் பின்னால் 1966-ல் அவருடைய 'கிரின்ச்'சைத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். நடுவில் 1953-ல் கைசல் எழுதிய 'தி 5,000 ஃபிங்கர்ஸ் ஆஃப் டாக்டர் டி' என்ற முழுநீளப் படம் பெரிய தோல்வி. அரை மணி நேரம் அவருக்குப் பொருந்தியது, ஒன்றரை மணி நேரம் பொருந்தவில்லை என்று நான் படித்துக்கொள்கிறேன்.

அடுத்தது 2003. மைக் மையர்ஸ் உடம்பு முழுக்க முடி ஒட்டிக்கொண்டு நடித்த படம். இயக்கியவர் போ வெல்ச். 'எட்வர்ட் சிஸர்ஹாண்ட்ஸ்' மாதிரிப் படங்களுக்கு அரங்கம் அமைத்த மேதை. ஒளிப்பதிவு யார்னு கேட்டா நம்ப மாட்டீங்க, இமானுவேல் லுபெஸ்கி. பின்னால் தொடர்ந்து மூன்று வருஷம் ஆஸ்கர் வாங்கிய அதே லுபெஸ்கி. திறமைக்குப் பஞ்சமே இல்லை. படம் ஏன் அப்படி ஆச்சு?

அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு குறை ஒட்ட வைத்தார்கள். பையன் கான்ராட் சொன்ன பேச்சு கேட்காதவன். சாலி எல்லாவற்றையும் கட்டுப்படுத்த நினைப்பவள். அம்மாவுக்கு அழுக்கென்றால் ஆகாத ஒரு மேனேஜர், வீட்டில் பார்ட்டி, பக்கத்து வீட்டில் அம்மாவைக் கல்யாணம் செய்யத் துடிக்கும் ஒரு வில்லன். பூனை வந்து இவர்களைத் திருத்த வேண்டும். நடுநடுவே பெரியவர்களுக்கான இரட்டை அர்த்த ஜோக் வேறு. முடிவைக் கவனிங்க. பிள்ளைகள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, விளைவை ஏற்கத் தயாராகிறார்கள். பாடம் படித்துவிட்டார்கள் என்றதும் பூனை மெஷினோடு வந்து வீட்டைச் சுத்தம் செய்து தருகிறது.

புத்தகத்தில் பூனை சுத்தம் செய்வதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. திருந்தினால்தான் துடைப்பேன் என்று அது சொல்லவில்லை. சேதமும் பூனை செய்தது, சுத்தமும் பூனை செய்தது. பிள்ளைகளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு முடிவு: சொல்வதா, வேண்டாமா? தடயம் எதுவும் இல்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நிலையில் ஐந்து வயசுக் குழந்தையைத் தனியாக நிறுத்தி, நீயே யோசி என்று நம்பி விட்டுவிட்டுப் போகிற புத்தகம் இது. 2003 படம் குழந்தைக்காகத் தானே யோசித்து முடித்துவிட்டது. கைசலின் மனைவி ஆட்ரி கைசல் அந்தப் படத்துக்குப் பிறகு, இனி இவருடைய புத்தகங்களை ஆட்களை வைத்து எடுக்க அனுமதி கிடையாது என்று முடிவெடுத்தார். அதனால்தான் 'ஹார்டன்', 'லொராக்ஸ்', 2018 'கிரின்ச்' எல்லாமே அனிமேஷன். இப்போது வரும் படமும்.

வேறு புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், தப்பிக்க வழிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, கதை எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான் எடுப்பார்கள். ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' 1978-ல் வந்த, சொல்லே இல்லாத புத்தகம். 1982 படம் 26 நிமிஷம். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் புதுசாகச் சேர்த்தார்கள், ஆனால் பனி மனிதன் ஏன் உயிர் பெற்றான் என்று யாரும் விளக்கவில்லை. 'தி கிரஃபலோ' 2009-ல் பிபிசி-யில் வந்தது, அதுவும் அரை மணிக்குள். இரண்டுமே ஆஸ்கர் பரிந்துரை வரை போயின.

முழுநீளத்துக்குப் போனவர்களில் ஸ்பைக் ஜோன்ஸ் செய்தது தனி ரகம். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்' மொத்தமே 338 சொல். 2009 படம் 101 நிமிஷம். மேக்ஸுக்கு அக்கா, தனியாகக் கஷ்டப்படும் அம்மா, அம்மாவின் நண்பர் என்று சேர்த்தார். ஆனால் அந்த விலங்குகள் யார், தீவு எங்கே இருக்கு, இதெல்லாம் நிஜமா கனவா என்ற ஒன்றையும் விளக்கவில்லை. கோபம் எப்படி இருக்கும், அதை மட்டும் காட்டினார். சில இடங்களில் படம் தொங்கும், சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும், கடைசியில் அம்மா எதிரே உட்கார்ந்து, மகன் சாப்பிடுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போகும் அந்த ஒரு காட்சிக்காகவே.

மறுபக்கம் 2024-ல் வந்த 'ஹெரால்டு அண்ட் தி பர்ப்பிள் கிரேயான்'. 1955 புத்தகத்தில் ஒரு குட்டிப் பையன், ஒரு ஊதா கிரேயான், அவ்வளவுதான். படத்தில் அவன் வளர்ந்த ஆளாகி, நிஜ உலகத்துக்கு வந்து, தன்னைப் படைத்தவரைத் தேடி அலைகிறான். கோடு போட்டால் நிலா வரும் என்பதைவிட, தேடலும் காரணமும்தான் முக்கியம் என்று யாரோ ஒரு மீட்டிங்கில் முடிவு செய்திருக்கணும்.

இப்போது என் வாதத்துக்கே குழி பறிக்கிற ஒரு படத்தையும் சொல்லிடறேன். மறைச்சு வெச்சா நியாயம் இல்லை. 'கிளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ்'. 1978 புத்தகத்தில் ஒரு ஊரில் வானத்திலிருந்து சாப்பாடு மழையாகக் கொட்டும். ஏன்? காரணம் கிடையாது. தாத்தா ராத்திரி சொல்லும் கதை. 2009-ல் ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் படமாக எடுத்தபோது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஃப்ளிண்ட் லாக்வுட் என்ற கிறுக்கு விஞ்ஞானி, தண்ணீரைச் சாப்பாடாக்கும் அவன் மெஷின், அவனை எப்படிப் பாராட்டுவது என்று தெரியாத அப்பா. புத்தகத்தில் இல்லாத ஆள், இல்லாத மெஷின். ஆனால் படம் அருமை. இதுல வேடிக்கை என்னன்னா, ஃப்ளிண்டுக்குக் குரல் கொடுத்தது பில் ஹேடர். அதன் இரண்டாம் பாகத்துக்கு எழுதியவர்களில் ஒருவர் எரிகா ரிவினோஜா. அதே இரண்டு பேர்தான் இப்போது பூனையிடம் வந்திருக்கிறார்கள்.

அங்கே காரணம் வேலை செய்தது, இங்கே நான் ஏன் பயப்படுகிறேன்? என் கணக்கு இது. 'மீட்பால்ஸ்' புத்தகத்தின் சந்தோஷம் அந்த ஊரைப் பார்ப்பதில் இருக்கு. ஜெல்லி மலையும் பான்கேக் மழையும். மெஷினை வைத்தாலும் மழை மழைதான், ஒன்றும் குறையவில்லை. பூனையின் சந்தோஷம் அது அழைக்காமல் வந்ததில் இருக்கு. வீட்டின் விதிகள் எதுவும் தெரியாத, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள். மேனேஜருக்கு ரிப்போர்ட் பண்ணுகிற பூனை, மீனைவிடக் கொஞ்சம்தான் வேறுபட்டது. புத்தகத்தில் மீன்தான் விதி, பூனை விதிமீறல். பூனைக்கே ஒரு விதி புத்தகம் கொடுத்துவிட்டால் மீனுக்கு அங்கே என்ன வேலை? மீனுக்குக் குரல் மேட் பெர்ரி என்பதால் இதை இன்னும் வருத்தத்தோடு கேட்கிறேன், அந்த மனுஷன் குரலுக்கு நான் அடிமை.

ஆபீஸ் வைத்ததில் வியாபாரக் கணக்கும் இருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு நிறுவனம் என்றால் இன்னும் பல ஏஜென்ட்கள், இன்னும் பல அசைன்மென்ட்கள், இன்னும் பல படங்கள். இதே ஸ்டுடியோ, டாக்டர் சூஸ் உயிரோடு இருந்தபோது கடைசியாக வந்த 'ஓ, தி பிளேசஸ் யூ'ல் கோ!' புத்தகத்தையும் ஜான் எம். சூ இயக்கத்தில் எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. கடையை விரிக்கிறார்கள், விரிக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு முழு மனசோடு பிடிச்சிருக்கு. புத்தகத்தில் சாலி ஒரு வார்த்தை பேச மாட்டாள். கதை சொல்வது அண்ணன், சாலி பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். 1957. புதுப் படத்தில் கேபிக்குப் பெயர், வருத்தம், பேச்சு எல்லாம் இருக்கு. என் அக்கா பொண்ணு மாதிரி ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதேபோல வீடு மாறின பிள்ளைகளின் சோகமும் பொய்யான சோகம் இல்லை. ஸ்கூல் நடுவில் ஊர் மாறியவர்களுக்குத் தெரியும். அந்தச் சோகத்தை வைத்தே படம் எடுக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. அதைச் சரி செய்ய வந்த சர்வீஸ் இன்ஜினியராகப் பூனையை ஆக்காமல் இருந்தால் போதும்.

ஆக, நவம்பரில் நான் தியேட்டரில் எதைப் பார்ப்பேன்? ஆபீஸ் காட்சிகள் எத்தனை நிமிஷம் என்பதை. பத்துக்குள் முடிந்தால், ஆபீஸும் 1971-ன் மூன்று கைப்பிடி வஸ்து மாதிரி ஒரு உளறல் காரணம் என்று எடுத்துக்கொள்வேன். ஒரு நிறுவனத்தின் பெயரிலேயே 'இன்ஸ்டிட்யூட்', 'இன்ஸ்டிட்யூஷன்' இரண்டையும் வைத்திருப்பதைப் பார்த்தால் அவர்களே கிண்டலாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் உண்டு. அப்புறம், பூனை உள்ளே வரும் முன் அந்தச் சத்தத்துக்கும் முகத்துக்கும் நடுவே எத்தனை நொடி விடுகிறார்கள் என்பதை. கடைசியாக, அம்மாவோ அப்பாவோ வாசலில் வந்து என்ன நடந்தது என்று கேட்கும் இடம். அந்த இடமே இல்லாமலும் போகலாம்.

வீட்டில் குட்டிகள் இருந்தால், படத்துக்கு முன்னாடியே புத்தகத்தை ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்க. பில் ஹேடர் நல்ல குரல்தான். ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் பூனைக்கு அந்தக் குரல்தான். அதற்கு முன்னால் கொஞ்ச நாளாவது பூனை உங்க சித்தப்பா குரலிலோ பாட்டி குரலிலோ பேசட்டும்.

எடிட் பண்ணிட்டு இருக்கிற நண்பர் இப்பவே பந்தயம் கட்டச் சொல்றார். அவர் கட்சி: கடைசிக் காட்சியில் எல்லோரும் கட்டிப்பிடிச்சு, பூனைக்குப் புரமோஷன். என் கட்சி: கேள்வியை நம்ம பக்கம் திருப்பிவிட்டுத் திரை இருட்டாகும். தோத்தவர் ஒரு மாசம் ஃபில்டர் காபி வாங்கித் தரணும். நீங்க யார் பக்கம்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரிலீஸுக்கு அடுத்த வார எபிசோடில் போட்டுடுவோம்.